பிணம் விழாவிட்டால் கதை இல்லையா?

"மச்சி, இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் ஒருத்தன்கூட சாகலையேடா. இது என்ன துப்பறியும் சீரியல்?"

போன வாரம் ஹாஸ்டலில் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து அறை நண்பன் கேட்டது இது. நான் வாயைத் திறப்பதற்குள் மெஸ்ஸில் தோசை தீர்ந்துவிடும் என்று ஓடிவிட்டான். அவனுக்குச் சொல்ல நினைத்த பதில் மனதுக்குள்ளேயே நீண்டுகொண்டே போய்விட்டதால் இங்கே இறக்கிவைக்கிறேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்தருள்க :-)

நான் படிப்பது பி.காம். சினிமாவைப் பற்றியோ டிவியைப் பற்றியோ தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. வரவு செலவு பார்க்கத் தெரியும், வவுச்சரைச் சரிபார்க்கத் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் இந்த வழக்கில் வாதாடப் போகிறேன்.

முதலில் கட்சிக்காரரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தொடரின் பெயர் 'தி பைடர்பெக் அஃபேர்'. இங்கிலாந்தில் யார்க்ஷயர் டெலிவிஷன் தயாரித்து, ஐடிவியில் 1985 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாரம் ஒன்றாக 6 பகுதிகள் வந்தன. எழுதியவர் ஆலன் பிளேட்டர். பெரியப்பா மகன் லீட்ஸில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியபோது, பழைய பொருள் கடையில் வாங்கிய டிவிடி ஒன்றைக் கொண்டுவந்தான். கதை நடப்பதும் படம் பிடித்ததும் அதே லீட்ஸ் என்பதால் ஞாபகத்துக்கு வாங்கினானாம். அவன் இன்றுவரை பார்க்கவில்லை. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

கதை இதுதான். ட்ரெவர் சாப்ளின் ஒரு பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியார். ஜாஸ் இசைப் பைத்தியம், கால்பந்துப் பைத்தியம். அவனுடைய தோழி ஜில் ஸ்வின்பர்ன் அதே பள்ளியில் ஆங்கில ஆசிரியை. விவாகரத்தானவள், இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று உள்ளூர்த் தேர்தலில் நிற்பவள். ஒருநாள் ட்ரெவர் வீட்டு வாசலில் ஓர் அழகான பெண் வந்து நிற்கிறாள். சாரணச் சிறுவர்களுக்கு நிதி திரட்டுகிறோம், கேட்லாக்கைப் பார்த்து ஏதாவது ஆர்டர் கொடுங்கள் என்கிறாள். ட்ரெவர் பிக்ஸ் பைடர்பெக் என்ற பழைய ஜாஸ் கலைஞரின் இசைத்தட்டுகளைக் கேட்கிறான். பார்சல் வருகிறது. உள்ளே இருப்பது வேறு யாரோ பாடிய தட்டுகள்.

அவ்வளவுதான். தப்பான சரக்கு வந்துவிட்டது. சரியானது வேண்டும் என்று ட்ரெவரும் ஜில்லும் கிளம்புகிறார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால், வேலையிழந்த இரண்டு பேர் நடத்தும் விசித்திரமான வியாபாரம், அவர்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் ஒரு பட்டதாரி போலீஸ்காரன், ஒரு கவுன்சிலர், ஒரு பெரிய போலீஸ் அதிகாரி, இவர்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல் என்று ஊரே அவிழ்கிறது.

இனி இந்தத் தொடர்மேல் என் நண்பர்கள் சுமத்தும் குற்றச்சாட்டுகள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

குற்றச்சாட்டு 1: கொலை இல்லை, எனவே மர்மம் இல்லை

எனக்குப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. பிணம் கிடக்கும் கதையில் உண்மையில் மர்மம் அதிகமா, சோம்பேறித்தனம் அதிகமா?

பிணம் விழுந்துவிட்டால் எழுத்தாளருக்கு வேலை பாதி குறைந்துவிடுகிறது. ஏன் விசாரிக்கிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். போலீஸ் வரும், டாக்டர் வருவார், சந்தேகப்பட ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள். பார்க்கிற நமக்கும் சுலபம். செத்தவனைப் பற்றி அழவேண்டியதில்லை. பெரும்பாலும் முதல் பத்து நிமிஷத்துக்கு மேல் அவன் பெயர்கூட நினைவிருக்காது.

தப்பான இசைத்தட்டுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். எந்தச் சட்டமும் தானாக எழுந்து ஓடிவராது. அந்த விஷயம் யாருக்காவது முக்கியமாக இருந்தால்தான் கதை நகரும். ட்ரெவருக்கு அது முக்கியம். ஏன் முக்கியம் என்று நமக்கும் புரியவைத்தாக வேண்டும். பிளேட்டர் அதைச் செய்கிறார். 1903-இல் அயோவா மாநிலத்தில் பிறந்து, 1931-இல் 28 வயதில் செத்துப்போன ஓர் இசைக்கலைஞனை அரை நூற்றாண்டு கழித்து லீட்ஸில் ஒரு மரவேலை வாத்தியார் இவ்வளவு நேசிக்கிறான் என்பதே எனக்கு எந்தக் கொலையையும்விட சுவாரசியமான புதிர். பின்னணி இசையும் அந்த பைடர்பெக் பாணியில்தான். ஃபிராங்க் ரிகோட்டி அமைத்தது, கார்னெட் வாசித்தவர் கென்னி பேக்கர். கேட்டால் ட்ரெவரின் பைத்தியம் நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

ஆடிட்டிங் வகுப்பில் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெரிய மோசடிகள் பெரிய கதவு வழியாகப் பிடிபடுவதில்லை. ஒரு சின்ன ரசீது ஒட்டாது. ஒரு தேதி இடிக்கும். ஒரு பார்சல் தப்பான விலாசத்துக்குப் போயிருக்கும். அதை "விடுங்க சார், சின்னத் தொகைதானே" என்று விட்டால் போயிற்று. விடாமல் கேட்கிறவன்தான் ஆடிட்டர். ட்ரெவர் சாப்ளின் தெரியாமலேயே ஒரு நல்ல ஆடிட்டர். உலகத்தையே திருத்தத் தேர்தலில் நிற்கும் ஜில்லுக்கு முன்னால், தன் சரக்கைக் கேட்டு நிற்கும் ட்ரெவர் கையில்தான் முதல் நூல் சிக்குகிறது. இதில் மர்மம் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

குற்றச்சாட்டு 2: ஜாலியாக இருக்கிறது, எனவே கனமில்லை

இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைப்பது.

ஒரு படம் இருட்டாக இருந்தால், எல்லோரும் முணுமுணுத்துப் பேசினால், மழை பெய்துகொண்டே இருந்தால், "என்னமா எடுத்திருக்கான்" என்கிறோம். அதே விஷயத்தை ஒருவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் "டைம்பாஸ்". யார் கொடுத்த தராசு இது?

ஒரே வருடத்தில் வந்த இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1985 தொடக்கத்தில் 'பைடர்பெக் அஃபேர்'. அதே 1985 நவம்பர், டிசம்பரில் பிபிசியில் 'எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்'. இரண்டும் 6 பகுதிகள். இரண்டுக்கும் யார்க்ஷயர் தொடர்பு உண்டு. இரண்டாவதை எழுதியவர் டிராய் கென்னடி மார்ட்டின். அவர் உருவாக்கிய 'இசட் கார்ஸ்' என்ற போலீஸ் தொடரில் எழுதிப் பழகியவர்களில் ஒருவர்தான் நம் ஆலன் பிளேட்டர். ஆக இரண்டும் ஒரே பட்டறைச் சரக்கு.

'எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்' முதல் பகுதியிலேயே ஒரு போலீஸ்காரரின் மகள் அவர் கண்ணெதிரே சுடப்பட்டுச் சாகிறாள். அப்பா விசாரித்துப் போகப் போக அணுசக்தி, அரசாங்கம், உளவுத்துறை என்று போகிறது. பிரமாதமான தொடர், மறுக்கவில்லை. பாஃப்டா விருது வாங்கியது, இன்றும் மேதைகள் பட்டியல் போட்டால் அதில் இருக்கிறது. ஆனால் அது கேட்கும் கேள்வி என்ன? நமக்குத் தெரியாமல் நம்மை ஆள்பவர்கள் என்ன செய்கிறார்கள்? 'பைடர்பெக் அஃபேர்' கேட்பதும் அதே கேள்விதான். அங்கே கேட்பவர் துப்பாக்கி வைத்திருக்கிறார். இங்கே கேட்பவர்கள் ஒரு பழைய மஞ்சள் வேனில் போகிறார்கள். (அணுக்கழிவு வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 1987-இல் வந்த இரண்டாவது தொடர் 'பைடர்பெக் டேப்ஸ்' அதைப் பற்றித்தான்!)

'பைடர்பெக் அஃபேர்' வந்த நேரத்தையும் கவனியுங்கள். பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். 1984 மார்ச்சில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அப்போது முடியவில்லை. கடைசிப் பகுதி வந்தது பிப்ரவரி 10. வேலைநிறுத்தம் முடிந்தது மார்ச் 3. யார்க்ஷயர் அந்தப் போராட்டத்தின் நடுமையம். 1984 ஜூன் 18 அன்று அங்கே ஆர்க்ரீவ் என்ற இடத்தில் தொழிலாளர்களும் போலீஸும் மோதினார்கள். கலவரம் செய்ததாக 95 பேர்மேல் வழக்கு. அடுத்த வருடமே நீதிமன்றத்தில் அந்த வழக்குகள் நிற்காமல் சரிந்தன.

தொடர் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியது அல்ல. ஆனால் அந்த மாதங்களில், அந்த மாகாணத்தில், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? இரண்டு சாதாரண வாத்தியார்கள் இசைத்தட்டு கேட்டுப் போகிறார்கள், பின்னாலேயே போலீஸ் போகிறது. ஹாப்சன் என்கிற அந்த இளம் போலீஸ்காரன் படித்தவன். அவனுக்கு எல்லாமே சந்தேகம், எல்லாமே கோப்பில் ஏறவேண்டிய விஷயம். அவன் பின்தொடரும்போதெல்லாம் பின்னணியில் அந்த ஜாஸ் துள்ளுகிறது. பயந்து நடுங்கவேண்டிய காட்சியில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தச் சிரிப்பைத்தான் 'கனமில்லை' என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை, கொஞ்சம் சிரிப்புதான் வருகிறது என்று அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு நிறைய தைரியம் வேண்டும். அந்த இரண்டு வாத்தியார்கள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கே 'சான் குவென்டின் ஹை' என்றுதான் பெயர் ஓடுகிறது. சான் குவென்டின் என்பது அமெரிக்காவின் பேர்பெற்ற சிறை. தினமும் காலையில் சிறைக்குப் போய்வருகிறவர்கள் ஜோக் அடித்தபடி போகிறார்கள் என்றால், அந்த ஜோக் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று யோசியுங்கள்.

வெள்ளைப் பொருளாதாரம்

காமர்ஸ் பசங்களுக்காக ஒரு சிறப்புப் பத்தி. அந்த விசித்திரமான வியாபாரிகள் பெயர் பிக் ஆல், லிட்டில் நார்ம். 'கறுப்புப் பொருளாதாரம்' கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் தாங்கள் நடத்துவது 'வெள்ளைப் பொருளாதாரம்' என்கிறார்கள். வேலை போய்விட்டது. சும்மா உட்கார்ந்து மானியம் வாங்கப் பிடிக்கவில்லை. பெரிய கடைகளை நம்பாமல், தெரிந்தவர்களுக்குள் நேர்மையாக வாங்கி விற்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கோ அது திருட்டுச் சரக்கு மாதிரியே இருக்கிறது!

பிளேட்டர் பிறந்த ஊர் ஜாரோ, வருடம் 1935. அடுத்த வருடம், 1936-இல், அந்த ஊரிலிருந்து சுமார் 200 ஆண்கள் வேலை கேட்டு லண்டன்வரை நடந்தே போனார்கள். வரலாற்றில் பேர்பெற்ற நடைப்பயணம் அது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவருக்கு வேலையின்மை என்பது எக்கனாமிக்ஸ் பாடப்புத்தகத்தில் வரும் கோடு அல்ல. ஆனாலும் அவர் பிக் ஆலை அழவைக்கவில்லை. பரிதாபப்படச் சொல்லவில்லை. கொள்கை விளக்கம் பேசும் ஒரு கம்பீரமான மனிதராக நிறுத்துகிறார்.

இந்த இடத்தில் சொந்தக் கதை கொஞ்சம். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு கம்பெனியில் வி.ஆர்.எஸ். கொடுத்தார்கள். 'விருப்ப' ஓய்வு என்று பெயர். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். வந்த பணத்தில் அப்பாவும் அவரோடு வெளியேறிய இன்னொரு மாமாவும் மொத்த விலையில் நோட்டு, பேனா, ஃபைல் எல்லாம் வாங்கி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய் விற்க ஆரம்பித்தார்கள். விலை கடையைவிடக் குறைவு. அதுவே வினையாகப் போயிற்று. "இவ்வளவு சல்லிசா எப்படிங்க தர்றீங்க? பில் புக் இருக்கா?" என்று ஒரு குடியிருப்புச் சங்கத்துக்காரர் வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாராம். இருபத்தி இரண்டு வருடம் கணக்கு எழுதிய மனிதரிடம் பில் புக்! அப்பா பையைத் திறந்து காட்டிவிட்டு, அவருக்கே இரண்டு குயர் நோட்டு விற்றுவிட்டு வந்தார். அன்று ராத்திரி அந்த ஆள் குரலில் அப்பா பேசிக்காட்ட, அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்ததை யாராவது படமாக எடுத்தால் மழையும் இருட்டுமாகத்தான் எடுப்பார்கள். விருதுகூடக் கிடைக்கும். ஆனால் அது எங்கள் வீடாக இருக்காது.

பிக் ஆலைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. நேர்மையாக இருப்பதே சந்தேகத்துக்குரிய செயலாகிவிட்ட ஊரில் நேர்மையாக இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எனக்குக் காட்டிய முதல் துப்பறியும் கதை இதுதான்.

குற்றச்சாட்டு 3: காதலில் கிக் இல்லை

இதைச் சொன்னது வகுப்புத் தோழி ஒருத்தி. "ரெண்டு பேரும் சண்டையும் போடல, பிரியவும் இல்ல, ஏர்போர்ட்டுக்கு ஓடவும் இல்ல. இது என்ன லவ்?"

நாம் பழகிவிட்ட கணக்கு வேறு. சேர்வார்களா மாட்டார்களா என்று இழுக்கவேண்டும். பிரிட்டனிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1997 முதல் 2016 வரை விட்டு விட்டு வந்த 'ஜோனதன் கிரீக்'. மேஜிக் ஷோவுக்கு வித்தைகள் உருவாக்கித் தருபவனும் ஒரு எழுத்தாளரும் சேர்ந்து நடக்கவே முடியாத குற்றங்களைத் துப்பறிவார்கள். எனக்கும் பிடித்த தொடர்தான். ஆனால் அங்கே காதல் என்பது ஒத்திப்போடும் வித்தை. கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள்.

ட்ரெவரும் ஜில்லும் கதை தொடங்கும்போதே நெருக்கமானவர்கள். அந்த மர்மம் முடிந்த கதை. அவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி அதைவிடக் கஷ்டமானது. ஒரு கல்யாணத்தில் கை சுட்டுக்கொண்டவள் ஜில். நிச்சயம்வரை போய் நின்றுபோனவன் ட்ரெவர். (அந்தப் பழைய வருங்கால மனைவிக்குத் தொடரில் பெயர் 'ஹெலன் ஆஃப் டாட்காஸ்டர்'! ஹெலனுக்காக டிராய் நகரமே எரிந்த கதை தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். டாட்காஸ்டர் யார்க்ஷயரில் ஒரு சின்ன ஊர்.) இப்படிப்பட்ட இரண்டு பேர், பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காமல், நாளைக்கும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்களா? அவனுடைய இசைத்தட்டுகள் அவள் வீட்டு அலமாரிக்குப் போகுமா? இந்தக் கேள்விக்கு மூன்று தொடர்கள் பிடிக்கின்றன. 1988-இல் வந்த 'பைடர்பெக் கனெக்‌ஷன்' தொடங்கும்போது இருவருக்கும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

ட்ரெவராக ஜேம்ஸ் போலம், ஜில்லாக பார்பரா ஃபிளின். இருவரும் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். ஒருவர் சொன்ன வார்த்தையை மற்றவர் எடுத்து, திருப்பிப் போட்டு, கொஞ்சம் மெருகேற்றித் திரும்பக் கொடுக்கிறார். பல வருடம் ஒன்றாக இருந்தவர்கள் பேசுவது அப்படித்தான். "ஐ லவ் யூ" என்பதை எல்லாரும் சொல்லிவிடலாம். எதிராளி சொன்னதை முழுதாகக் காதில் வாங்கிவிட்டுப் பதில் சொல்கிற ஜோடியை நான் திரையில் அதிகம் பார்த்ததில்லை, நேரிலும்தான்.

எதிர்த்தரப்புக்கும் கொஞ்சம் நியாயம்

தொடரில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. நடுப்பகுதிகளில் வேகம் தளர்கிறது. ஊழல் முடிச்சு அவிழும் விதம் அவ்வளவு கச்சிதம் இல்லை. கணக்கு டேலி ஆனாலும் எப்படி ஆனது என்று குறிப்பு எழுதச் சொன்னால் திணறுவோம். வாசலில் வந்த பெண்ணின் தலைமுடி நிறத்தையும் அழகையும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜோக் இன்று பார்த்தால் நெருடுகிறது. பள்ளிக்கூடக் கதையில் பிள்ளைகள் பெரும்பாலும் பின்னணிதான். இதையெல்லாம் பற்று வைத்துவிட்டேன். வைத்த பிறகும் மீதி நிற்கிறது.

என் சண்டை இந்த ஒரு தொடருக்காக மட்டும் இல்லை. இலேசாகச் சொல்லப்பட்டதெல்லாம் இலேசான விஷயம் என்று நினைக்கும் பழக்கத்தோடுதான். அந்தப் பழக்கத்தால் நமக்கு நஷ்டம் இரண்டு. சிரிக்கவைத்தவர்கள் பட்ட பாட்டைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம். நம் வீட்டில் கஷ்டகாலத்தில் ஜோக் அடித்தவர்களை, அவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இரண்டாவது நஷ்டம் எனக்கு நேரடியாகத் தெரியும். அப்பா அந்த வருடம் எவ்வளவு பயந்திருந்தார் என்பது போன வருடம்தான் எனக்குப் புரிந்தது.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு முதல் இரண்டு பகுதிகளைப் போட்டுக்காட்டினேன். ஆங்கில உச்சரிப்பு பாதி புரியவில்லை என்றார். நடுநடுவே நான் அர்த்தம் சொன்னேன். கொலை எங்கே என்று கேட்கவில்லை. போலீஸ்காரன் ஹாப்சனைப் பார்த்து, "இந்தப் பையன் நம்ம சங்கத்துக்காரர் மாதிரியே இருக்கான்" என்றார். கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் பையை ஏற்றிவிட்டுவிட்டுக் கேட்டார்:

"அது சரி, அந்த வாத்தியாருக்குக் கடைசில அவர் கேட்ட ரெக்கார்டு கிடைச்சுதா இல்லையா?"

சொல்லவில்லை. அடுத்த லீவுக்கு மீதி நாலு பகுதி இருக்கிறது.